தட்டைப்பயறில் அசுவினி ஏறியிருக்கிறது, பொறிவண்டுகளும் வந்திருக்கின்றன: மருந்து தெளிக்கலாமா, பொறுத்திருக்கலாமா?

கேள்வி – கீழ்பவானிப் பாசனம்

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் வாய்க்கால் பாசனத்தில் ஒரு ஏக்கரில் காய்க்காகத் தட்டைப்பயறு விதைத்திருக்கிறேன். இன்றோடு 34 நாள் ஆகிறது. மொக்கு விடத் தொடங்கியிருக்கிறது. அப்பாவிடமிருந்து நிலத்தை நான் ஏற்றுக்கொண்ட பிறகு வைக்கும் இரண்டாவது பயிர் இது.

ஒரு வாரத்துக்கு முன் வரப்போரச் செடிகளின் நுனிக்குருத்தில், சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான கருப்பு அசுவினி தென்பட்டது. இன்று காலை வயலில் குறுக்காக நடந்து எண்ணிப் பார்த்தபோது பத்துச் செடிகளில் நான்கில் இருந்தது. அவற்றில் ஒரு செடியில் குருத்தும் மொக்குக் காம்பும் தெரியாத அளவுக்கு அப்பியிருந்தது. அந்தச் செடிகளின் கீழ் இலைகள் பிசுபிசுவென்று ஒட்டுகின்றன. எறும்புகள் தண்டில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. நான்கைந்து பொறிவண்டுகளையும் பார்த்தேன். ஆனால் என்னைக் குழப்பியது வேறொன்று. அரை அங்குலத்துக்கும் குறைவான நீளத்தில், கருத்த உடலில் ஆரஞ்சு நிறத் திட்டுகளோடு, ஆறு கால்களால் வேகமாக ஊரும் ஒரு புழு அதே குருத்துகளில் பல இடங்களில் இருந்தது. மருந்துக்கடையில் படத்தைக் காட்டியபோது, அதுவும் பயிரைத் தின்னும் புழுதான் என்றும், அசுவினிக்கு ஒன்றும் புழுவுக்கு ஒன்றுமாக இரண்டு மருந்துகளைக் கலந்து நாளைக்கே தெளித்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். மருந்தை வாங்கி வைத்துவிட்டேன். தெளிக்கத்தான் மனம் வரவில்லை.

அந்தப் புழு எது? பொறுத்திருப்பதென்றால் எத்தனை நாள் பொறுக்கலாம், எதை வைத்து முடிவு செய்வது? தெளித்தே ஆக வேண்டுமென்றால் பொறிவண்டுக்குக் குறைந்த தீங்கு செய்வது எது? தெரிந்தவர்கள் சொல்லித்தர வேண்டுகிறேன்.

பதில் – மானாவாரி மொச்சை

தம்பி, மருந்து டப்பாவைத் திறக்காமல் வைத்திருங்கள். நீங்கள் பார்த்த புழு பொறிவண்டின் குஞ்சு. தாய்க்கும் குஞ்சுக்கும் உருவத்தில் எந்த ஒற்றுமையும் இல்லாததால் பாதிப் பேர் அதைப் பகை என்றே நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் மானாவாரி மொச்சையில் ஒரு தையில் இதே கருப்பு அசுவினி வந்தபோது, இந்தப் புழுக்களை ஒரு காலைப் பொழுது முழுவதும் நானும் என் மாமியாரும் தேடித் தேடி விரலால் நசுக்கினோம். பிறகு கடையில் கொடுத்த மருந்தையும் தெளித்தோம். மூன்று நாள் செடி துடைத்து வைத்ததைப் போல் இருந்தது. இரண்டு வாரத்துக்குள் முன்பைவிட அதிகமான அசுவினி வந்தது. இந்த முறை அதைத் தின்ன ஒரு வண்டுகூட வயலில் இல்லை. அந்த ஆண்டு மொச்சையில் பாதிக்கு மேல் பொக்கு.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடி புட்டியில் அசுவினி அப்பிய குருத்து ஒன்றைக் கிள்ளிப் போட்டு, அந்தப் புழுக்களில் இரண்டை உள்ளே விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். மறுநாள் காலையில் குருத்தைப் பாருங்கள். இலையில் ஒரு கடியும் இருக்காது; அசுவினி மட்டும் குறைந்திருக்கும். நாள்தோறும் புதுக் குருத்து போட்டு வந்தால், அந்தப் புழு புட்டிச் சுவரில் வாலை ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகி, சில நாளில் பொறிவண்டாக வெளியே வருவதையும் பார்ப்பீர்கள். என் பேரப்பிள்ளைகளுக்கு இதைக் காட்டிய பிறகு, எங்கள் வீட்டில் யாரும் அந்தப் புழுவை நசுக்குவதில்லை.

இலையின் அடியில் மஞ்சள் நிறத்தில், அரிசிமுனை போன்ற சிறிய முட்டைகள் குத்துக்குத்தாக நிமிர்ந்து நிற்கின்றனவா என்றும் தேடுங்கள். அவை இருந்தால் அடுத்த படை வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

பதில் – ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

மேலே அம்மையார் சொன்னது முற்றிலும் சரி. உங்கள் பயிரில் இருப்பது பயறுவகைகளைத் தாக்கும் கருப்பு அசுவினி. தட்டைப்பயறு, அவரை, மொச்சை, நிலக்கடலை, வரப்பில் நிற்கும் கிளைரிசிடியா ஆகிய எல்லாவற்றிலும் வருவது இதுவே. இதன் வேகத்தைப் புரிந்துகொண்டால்தான் பொறுமையின் அளவும் தெரியும். நம் வெப்பநிலையில் இந்த இனத்தில் ஆண்பூச்சிக்கு வேலையே இல்லை. பெண்பூச்சி இணைசேராமலே, முட்டையிடாமல் நேரடியாகக் குஞ்சுகளை ஈனுகிறது. அந்தக் குஞ்சும் ஒரு வாரம் பத்து நாளில் தாயாகிவிடுகிறது. பொறிவண்டுக்கோ முட்டை பொரிய மூன்று நான்கு நாள், புழுப்பருவம் ஒரு வாரத்துக்கும் சற்று மேல், கூட்டுப்புழுவாக இன்னும் நான்கைந்து நாள் என்று இரண்டரை வாரம் வரை பிடிக்கிறது. ஆகவே எந்த வயலிலும் அசுவினிதான் முதலில் பெருகும்; அதைத் தின்பவை பின்னால்தான் வரும். இந்த இடைவெளியில்தான் நம் விவசாயி பதறிப்போய்த் தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறார். பின்தங்கி வந்த படை அப்போதுதான் வயலில் இறங்கியிருக்கும், அடிபடுவது அதுவே. இலை மடிப்பில் தப்பிய நான்கு அசுவினி மறுபடி பெருகுவதற்குப் பத்து நாள் போதும். பொறிவண்டு மீண்டும் வந்து நிலைப்பதற்கு அந்தக் காலம் போதாது. அம்மையார் வயலில் நடந்தது இதுதான்.

பொறிவண்டு கண்ணுக்கு எளிதில் தெரிவதால் எல்லாரும் அதையே பேசுகிறோம். அதே குருத்தில் இன்னும் மூன்று பேரை நீங்கள் தேட வேண்டும். முதலாவது சிர்பிட் ஈயின் புழு. கால் இல்லாமல், பச்சையும் வெள்ளையும் கலந்து, ஒரு முனை கூர்த்த அட்டையைப் போல அசுவினிக் கூட்டத்துக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். தலையை ஆட்டித் துழாவி ஓர் அசுவினியைப் பிடித்துத் தூக்கி உறிஞ்சிவிட்டுத் தோலை எறியும். இதன் தாய் ஈ தேனீயைப் போன்ற மஞ்சள் வரிகளோடு பூவுக்கு மேலே அசையாமல் அந்தரத்தில் நிற்பது. இரண்டாவது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி. மெல்லிய நூல் போன்ற காம்பின் நுனியில் ஒரு முட்டை என்று இலையில் வைத்திருக்கும். பார்ப்பவர்கள் பூஞ்சணம் என்று நினைப்பதுண்டு.

மூன்றாவதை நான் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் முடிவு பெரிதும் அதைப் பொறுத்தது. எறும்பைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி ஒன்று உண்டு. அது வயிற்றை முன்பக்கம் வளைத்து, அசுவினியின் உடலுக்குள் ஒரே ஒரு முட்டையைக் குத்தி வைத்துவிட்டுப் போய்விடும். உள்ளே பொரிந்த புழு அசுவினியை உயிரோடு வைத்தே தின்று வளரும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அசுவினி இறந்து, உப்பி, வைக்கோல் நிறத்தில் அல்லது பழுப்பு நிறத்தில் காகிதம் போன்ற கூடாகி இலையோடு ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் நாங்கள் மம்மி என்போம். பிறகு அதன் முதுகில் வட்டமாக ஒரு துளை போட்டுக்கொண்டு புதிய குளவி வெளியேறும். இங்கே கவனிக்க வேண்டியது, ஒரு குருத்தில் நீங்கள் பத்து மம்மிகளைக் கண்டால், முட்டை வைக்கப்பட்டும் இன்னும் உப்பாத அசுவினிகள் அதைவிடக் கூடுதலாக அதே குருத்தில் இருக்கும் என்பதே. அவை பார்ப்பதற்கு நலமாகத் தெரியும். உண்மையில் அவற்றின் காலம் முடிந்துவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வயிற்றைச் சுற்றிக் கட்டிய துண்டில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, வயலின் ஐந்து இடங்களில் இடத்துக்கு நான்கு செடிகளாக இருபது செடிகளைப் பாருங்கள். எத்தனை செடியில் அசுவினி இருக்கிறது, அவற்றுள் எத்தனையில் பொறிவண்டோ அதன் புழுவோ சிர்பிட் புழுவோ மம்மியோ இருக்கிறது என்று எழுதுங்கள். பயிர்ச்சூழல் ஆய்வுப் பயிற்சிகளில், தீமை செய்யும் பூச்சி இரண்டுக்கு நன்மை செய்யும் பூச்சி ஒன்று இருந்தால் தெளிப்பைத் தள்ளிப்போடலாம் என்று சொல்லித்தருவது வழக்கம். அசுவினிக்கு அந்தக் கணக்கை அப்படியே வைத்தால் எந்த நாளும் மருந்துதான் வரும். ஒரு குருத்தில் நூறு அசுவினியும் இரண்டு பொறிவண்டுப் புழுவும் இருப்பதே இயல்பான நிலை, அந்த இரண்டு புழுக்களே தம் வளர்ச்சிக்குள் சில நூறு அசுவினிகளைத் தின்றுவிடும். ஆகவே நான் பார்ப்பது எண்ணிக்கையை அல்ல, பரவலை. அசுவினி உள்ள செடிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இந்த நால்வரில் ஒருவராவது இருந்தால் பொறுத்திருப்பேன். மூன்று நாளுக்கு ஒரு முறை அதே எண்ணிக்கையைத் திரும்ப எடுப்பேன்.

எறும்பை மட்டும் சும்மா விடாதீர்கள். உங்கள் இலையில் ஒட்டும் பிசின் அசுவினி கழிக்கும் இனிப்பு நீர்; அதற்காகவே எறும்பு அசுவினியைக் காவல் காக்கிறது, பொறிவண்டுப் புழுவைக் கடித்துத் தள்ளுகிறது, குளவியை விரட்டுகிறது. வரப்பில் உள்ள புற்றுகளை மண்வெட்டியால் கொத்திக் கலைத்து நீர் பாய்ச்சுங்கள். மிகவும் அப்பிய குருத்துகளைக் கிள்ளி எடுத்துவிடலாம். ஆனால் எரிப்பதற்கு முன் மம்மியும் புழுவும் உள்ளவற்றைப் பிரித்து வயலுக்குள்ளேயே போடுங்கள். எறும்பு மட்டும் இருந்து எதிரிகள் யாருமே வராத செடிகளுக்கு மட்டும் ஐந்து விழுக்காடு வேப்பங்கொட்டைக் கரைசலை மாலையில் தெளியுங்கள். பத்து லிட்டர் நீருக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைத் தூள், இரவு ஊறவைத்து வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்தால் போதும். வேம்பும் புழுப்பருவத்தைச் சற்றுப் பாதிக்கக்கூடியதே, ஆகவே வயல் முழுவதும் வேண்டாம். கடையில் கொடுத்த கலவையில் இருப்பவை என்னவென்று நீங்கள் எழுதவில்லை. டைமெத்தோயேட், இமிடாகுளோபிரிட் போன்றவை எதுவாக இருந்தாலும் பொறிவண்டுக்கும் தீங்குதான். மேலும் நீங்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பறித்துச் சந்தைக்கு அனுப்பும் பச்சைக்காய் இது. மருந்துக்கும் பறிப்புக்கும் இடையே விட வேண்டிய நாளை உங்களால் விடவே முடியாது. யூரியா மேலுரம் போடும் எண்ணம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். தழைச்சத்து மிகுந்த இளங்குருத்தில்தான் அசுவினி அதிகமாகப் பெருகும்.

இன்னொன்று, நீங்கள் கவலையோடு பார்க்கும் இதே பயிரைப் பருத்தி விவசாயிகள் வேண்டுமென்றே வரப்பைச் சுற்றி விதைக்கிறார்கள். தட்டைப்பயறின் கருப்பு அசுவினி பயறுவகைகளையே நாடும், பருத்தியில் பெரிதாக ஏறாது. அதைத் தின்று பெருகும் பொறிவண்டோ, அது தீர்ந்ததும் பருத்திக்குத் தாவி அங்குள்ள அசுவினியைத் தின்னும்.

பதில் – ஒட்டன்சத்திரம் காய்கறி

ஐயா சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் பொறுத்திருந்து இழந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மிளகாயில் அசுவினி வந்தபோது பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் நன்றாகவே இருந்தன. இருபது நாளில் அசுவினியை முழுவதும் தின்று தீர்த்தும் விட்டன. அதற்குள் வயலில் கால்பங்குச் செடிகளில் இலை சுருங்கித் தேமல் நோய் வந்துவிட்டது. பூச்சி போனது, நோய் போகவில்லை. தட்டைப்பயறிலும் அசுவினி பரப்பும் தேமல் நோய் உண்டு அல்லவா? இந்த நண்பருக்குப் பொறுத்திருங்கள் என்று சொல்வதற்கு முன் அதையும் சொல்ல வேண்டும்.

பதில் – ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

நல்ல வேளையாக நினைவூட்டினீர்கள். நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தட்டைப்பயறிலும் அந்நோய் உண்டு, விதை வழியாகவும் வருகிறது. ஆனால் இந்த வகைத் தேமல் நச்சுயிரியை அசுவினி நெடுநாள் உடலில் வைத்திருந்து பரப்புவதில்லை. நோயுற்ற செடியில் ஊசிவாயைச் சில நொடிகள் குத்திச் சுவை பார்க்கும்போதே ஏற்றிக்கொண்டு, அடுத்த செடியில் குத்தும்போதே இறக்கிவிடுகிறது. வயலில் தங்காமல் கடந்து போகும் இறக்கை முளைத்த அசுவினிகூட இதைச் செய்துவிடும். மருந்து அதைக் கொல்வதற்கு ஆகும் நேரத்துக்குள் அது நான்கு செடிகளைக் குத்தி முடித்திருக்கும். ஆகவே தேமலைப் பூச்சிமருந்தாலும் தடுக்க முடியாது, பொறிவண்டாலும் தடுக்க முடியாது. நோயற்ற விதையும், தாங்கும் இரகமும், முதலில் தெரியும் நோய்ச்செடியை உடனே பிடுங்கி அகற்றுவதுமே வழி. கேள்வி கேட்ட நண்பர் இருபது செடிகளை எண்ணும்போது, இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாகத் தெரியும் செடி இருந்தால் தயங்காமல் பிடுங்கிவிடட்டும். உங்கள் மிளகாயிலும் நீங்கள் பொறுத்திருந்ததால் நோய் வந்ததென்று எண்ணி வருந்த வேண்டாம். தெளித்திருந்தாலும் பெரும்பாலும் அதுவே நடந்திருக்கும்.

பதில் – சத்தி கரும்பு

பயறுக்கு இது பொருந்துமா என்று தயங்கினேன்; ஆனால் இயற்கை எதிரிகள் ஓர் ஊரை அல்ல, மாநிலங்களையே காப்பாற்றியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். 2002இல் மகாராஷ்டிரத்தின் சாங்லி பகுதிக் கரும்பில் கம்பளி அசுவினி வெடித்துக் கிளம்பியது. பிறகு கர்நாடகம் வழியாக எங்கள் பக்கத்துக்கும் வந்தது. இலையின் அடிப்பக்கம் முழுவதும் வெள்ளைப் பஞ்சை ஒட்டியது போல் இருக்கும்; அதன் இனிப்பு நீர் கீழ் இலைகளில் சொட்டிக் கரும்பூஞ்சணம் படர்ந்து தோட்டமே கரியைப் பூசியது போல் ஆகிவிடும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து சாய்ந்து பின்னிக் கிடக்கும் கரும்புக்குள் நுழைந்து இலையின் அடியில் படும்படி மருந்து தெளிப்பது யாராலும் முடிகிற காரியம் அல்ல.

அப்போது கைகொடுத்தவை மூன்று. டைஃபா என்னும் அந்துப்பூச்சியின் புழு, அசுவினிக் கூட்டத்துக்கு நடுவிலேயே மெல்லிய நூலாம்படை பின்னிக்கொண்டு அதற்குள் இருந்தபடி அவற்றைத் தின்று தீர்க்கும். நாங்கள் பார்த்தவற்றில் பெரும் உழைப்பாளி அதுதான். மைக்ரோமஸ் என்னும் பழுப்புக் கண்ணாடி இறக்கைப் பூச்சி இரண்டாவது. ஹெக்டேருக்கு 1000 டைஃபா, அல்லது 2500 மைக்ரோமஸ் புழு விடும்படி பரிந்துரைத்தார்கள். என்கார்சியா என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி மூன்றாவது. இந்த அசுவினி 1950களிலேயே மேற்கு வங்கத்தில் பதிவானது. வடகிழக்கில் அது இருந்தும் அடங்கி இருந்ததற்கு அங்குள்ள இந்தக் குளவியும் ஒரு காரணம். அதை அங்கிருந்து தெற்கே கொண்டுவந்து, கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் வழியாகத் தமிழ்நாட்டிலும் விட்டார்கள், நிலைத்துவிட்டது.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். டைஃபா நன்றாக இருக்கும் தோட்டத்திலிருந்து, புழுவும் கூட்டுப்புழுவும் உள்ள இலைத்துண்டுகளை வெட்டிக் கூடையில் எடுத்துப் போய், புதிதாகத் தாக்கப்பட்ட தோட்டத்தின் இலைகளில் குத்திவைத்தோம். பங்காளிச் சண்டையில் பேசாமல் இருந்தவர்கள்கூட அந்த மாதங்களில் ஒருவர் தோட்டத்துக்கு ஒருவர் இலைத்துண்டு கொடுத்தார்கள். மருந்து தெளித்திருந்த தோட்டத்தில் மட்டும் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இன்றும் கம்பளி அசுவினி ஆங்காங்கே தலைகாட்டுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் டைஃபா அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. நாங்கள் தோட்டத்துக்குள் இறங்குவதே இல்லை.

உங்கள் பயறிலும் இதைச் செய்யலாம். வரப்போரக் குருத்துகளில் பொறிவண்டுப் புழு நிறைய இருந்து, நடுவயலில் இல்லாவிட்டால், அந்தக் குருத்துகளைக் கிள்ளி நடுவயல் செடிகளில் கொண்டுபோய்ச் செருகிவிடுங்கள். காலை வெயிலுக்கு முன் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர் – 12 நாள் கழித்து

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மருந்து தெளிக்கவில்லை, டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வாங்கிக்கொண்டார்கள். அம்மா சொன்னபடி புட்டியில் வைத்த இரண்டு புழுக்களும் பொறிவண்டாகிப் பறந்துவிட்டன.

எண்ணிக்கையைக் கீழே தருகிறேன். முதல் நாள் இருபது செடிகளில் எட்டில் அசுவினி, அவற்றுள் ஐந்தில் எதிரிகள். நான்காம் நாள் பதினோரு செடியில் அசுவினி ஏறியிருந்தது. உண்மையைச் சொன்னால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் அவற்றுள் எட்டில் புழுவோ மம்மியோ இருந்ததால் ஐயா சொன்ன வரம்பை நம்பி நின்றேன். ஏழாம் நாள் ஒன்பது, பத்தாம் நாள் நான்கு. இன்று காலை மூன்று செடிகளில் மட்டும் உயிருள்ள அசுவினி இருக்கிறது. மற்றவற்றில் வெறும் தோலும், முதுகில் துளை விழுந்த மம்மிகளுமே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எறும்புப் புற்று கலைத்த கிழக்கு வரப்பில் அசுவினி முதலில் குறைந்தது. கலைக்காமல் விட்ட வடக்கு மூலையில்தான் அந்த மூன்று செடிகளும் நிற்கின்றன. வேப்பங்கொட்டைக் கரைசலை மொத்தம் முப்பது செடிகளுக்குத்தான் தெளித்தேன். தேமல் தெரிந்த ஆறு செடிகளைப் பிடுங்கிவிட்டேன். முதலில் மிகவும் அப்பியிருந்த செடிகளில் மொக்கு கொட்டி, காய் குறைவாகத்தான் இருக்கிறது. மற்றச் செடிகளில் நேற்று முதல் பறிப்பு எடுத்தோம்.

இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அசுவினி தீர்ந்துவிட்டதால் பொறிவண்டுகள் வேறு வயலுக்குப் பறக்கத் தொடங்கிவிட்டன. அடுத்த பட்டத்தில் இதே நிலத்தில் வெண்டை வைக்க இருக்கிறேன். இவற்றை அதுவரை இங்கேயே தங்கவைக்க வரப்பில் என்ன விதைக்கலாம்?

பதில் – ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

இரண்டு வரிசை மக்காச்சோளமோ சோளமோ இப்போதே வரப்பில் போடுங்கள். அவற்றில் வரும் அசுவினி வெண்டைக்கு வருவதன்று, பொறிவண்டு அதைத் தின்று தங்கும். நடுநடுவே கொத்தமல்லியைப் பூக்க விட்டுவிடுங்கள், அறுக்க வேண்டாம். சிர்பிட் ஈயும் ஒட்டுண்ணிக் குளவியும் வளர்ந்த பிறகு தேனும் மகரந்தமும் உண்டு வாழ்பவை. கொத்தமல்லியின் சின்னப் பூக்களில்தான் அவற்றின் வாய்க்குத் தேன் எட்டும். வடக்கு மூலைப் புற்றை வெண்டை விதைப்பதற்கு முன்பே கலைத்துவிடுங்கள்.